வெள்ளிக்கிழமை எழுதாத ரத்தம்

என் வீட்டுக்காரருக்கு ரத்தமும் சீதமுமாகப் போவது எனக்குத் தெரியவே ஒரு வருஷம் ஆனது. எழுபதுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டையில் வத்தல் கடை வைத்திருந்தார். யார் கேட்டாலும் "சூடுதான்" என்று மோரைக் குடித்துவிட்டுப் போவார். வேட்டியைத் துவைத்தபோதுதான் குட்டு உடைந்தது. வாய்க்கு வந்தபடி திட்டி, அழுது, மதுரைக்குப் பஸ் ஏற்றினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளவயது டாக்டர், பெருங்குடலில் புண் என்றார். ஆறாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் புற்றாகவும் மாறலாம், மாத்திரைக்குக் கேட்காவிட்டால் குடலை வெட்டி எடுக்க வேண்டும் என்றார். இந்த நோய் எதனால் வருகிறது என்று ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தார். ஒரு நோட்டைக் கொடுத்து, தினமும் என்ன சாப்பிட்டார், எத்தனை தடவை போனார், ரத்தம் உண்டா என்று என்னை எழுதச் சொன்னார்.

எழுதினேன். ஆனால் செவ்வாய், வெள்ளியில் ரத்தம் என்று எழுதக் கை வரவில்லை. குத்துவிளக்கு ஏற்றுகிற நாளில் புருஷனுக்கு அந்த வார்த்தையை எவள் எழுதுவாள்? "இல்லை" என்று எழுதி வைத்தேன்.

மூன்று மாதம் கழித்து நோட்டைப் புரட்டிய டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் ரத்தமே இல்லையேம்மா! அன்னிக்குக் கவிச்சி சாப்பிட மாட்டீங்கள்ல? கறி, மீனை நிறுத்திப் பார்ப்போம். ஆபரேஷனைத் தள்ளி வைக்கலாம்."

இவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அந்த முகம் அப்படி மலர்ந்து எத்தனை நாளாயிற்று! நான் வாயை மூடிக்கொண்டால் மனுஷன் சந்தோஷமாக வீட்டுக்கு வருவார். புண் உள்ளேயே கிடக்கும்.

"பொய்யி சார்" என்றேன். "நாளுங்கெழமையுமா எழுதக்கூடாதுன்னு நான்தான் மாத்தி எழுதுனேன். அன்னைக்கும் ரத்தம் போச்சு."

டாக்டர் கோபப்படவில்லை. "இப்பவாவது சொன்னீங்களே. மாத்திரைக்குக் கேக்கலை" என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்.

ஊர் திரும்புகிற பஸ்ஸில் காரியாபட்டி தாண்டும்வரை இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திட்டினாலாவது தேவலை என்றிருந்தது.

"என்னைய நாலு வார்த்தை வஞ்சுருங்க."

"வஞ்சா சரியாயிருமாக்கும்?" என்றார். பிறகு வெளியே பார்த்தபடியே கேட்டார்: "அறுத்தா அறுக்கட்டும், புள்ள. நான் கண்ணு முழிக்கையில நீ பக்கத்துல இருப்பேல்ல?"

"நான் எங்க போகப்போறேன்? அங்கனதான் கெடப்பேன்."

பஸ்ஸில் ஆள் இருப்பதையும் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வெயிலிலும் கை சில்லென்று இருந்தது. பாவம், அவ்வளவு பயந்து போயிருந்தார்.