பெரியப்பாவின் தொடையில் இருந்த தகடு

கவிதா, சரவணா,

பெரியப்பாவின் முதலாண்டு நினைவு மலரில் உங்கள் அப்பா நான்தான் எழுத வேண்டும் என்று பெரியம்மா சொல்லிவிட்டார். பத்தாவதோடு நின்றவன் நான். தப்பு இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெரியப்பா உத்தனப்பள்ளியில் பிறந்தார். எங்கள் அப்பா சீக்கிரம் போய்விட்டதால், சின்ன வயதிலேயே ஓசூருக்கு லேத் வேலைக்கு வந்து என்னையும் வளர்த்தார். பல வருடம் இரும்பு கடைந்தவரிடம் முதலாளி ஒருநாள் டைட்டானியம் கடையக் கொடுத்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இரும்பில் சூடு, சுருண்டு விழும் சீவலோடு போய்விடும். இதில் வெட்டுகிற டூல் முனையிலேயே தங்கி முனையைத் தின்றுவிடும். அழுத்தினால் உலோகம் விலகும், விட்டால் திரும்பி வரும், அளவு நிற்காது. சீவல் தீப்பிடித்தால் தண்ணீரும் ஊற்றக்கூடாது, மணல்தான் போட வேண்டும்.

"டேய், இது மெட்டலா, மாமியாரா? வேகமாப் போனாலும் கோவம், மெதுவாப் போனாலும் கோவம்" என்பார். ஆனாலும் விடாமல் கற்றுக்கொண்டார்.

பிறகு சூளகிரி பக்கம் பைக்கில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. டைட்டானியம் தகடு வைத்தார்கள். "தகட்டுல இத்தனை ஓட்டை போட்டிருக்காங்களே, எத்தனை டூல் போச்சோ சார்?" என்று டாக்டரையே கேட்டார். அந்தக் காலோடு எட்டு வருடம் மிஷின் முன்னால் நின்றார். போன வருடம் வேலையிலேயே நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள்தான் இருந்தார்.

எரித்த மறுநாள் எலும்பு எடுக்கும்போது சாம்பலில் அந்தத் தகடு கிடந்தது. நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருந்தது, வளையவில்லை. "அப்பா, இதுவும் பெரியப்பாதானா?" என்று கேட்டாய், கவிதா.

பெரியம்மாவின் அண்ணன், "ஓரமா போடுப்பா. உடம்போட பொறந்ததா அது?" என்றார்.

"என்னாண்ணா இப்புடிச் சொல்றே? எட்டு வருசம் அவரைத் தாங்கி நடந்துச்சு. எலும்போட அதையும் ஆத்துல வுட்டுடுங்க தம்பி" என்றார் பெரியம்மா.

"எலும்பு கரையும், இது கரையுமா? போனவன் கால் அங்கியே மாட்டிக்காதா?" என்றார் அவர் அண்ணன்.

பிள்ளை இல்லாதவருக்குக் கொள்ளி வைத்தவன் நான், முடிவும் நானே சொல்ல வேண்டும் என்றார்கள். அவர் சொன்னதுபோல் கால் மாட்டிக்கொள்ளுமோ என்று பயந்துவிட்டேன். எலும்பை மட்டும் தென்பெண்ணையில் விட்டேன். தகடு என் சட்டைப் பையிலேயே இருந்ததைப் பெரியம்மா பார்த்தார். அன்றும் கேட்கவில்லை, இந்த ஒரு வருடத்திலும் கேட்கவில்லை. எலும்பு அதன்மேல் வளர்ந்து ஒட்டிக்கொண்டது என்று டாக்டர் ஒருமுறை சொன்னார். அப்படியானால் அவர் எதுவரை, தகடு எங்கிருந்து? எனக்கு இன்னும் பிடிபடவில்லை, பிள்ளைகளே.

நெஞ்சுவலி வந்தபோது அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய பட்டறை நண்பர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்களுக்குச் சமைத்துப் போட்ட தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு.

போன ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் ஆற்றுக்குப் போனேன். பெரியம்மா கேட்டபடி தகட்டை முழங்கால் தண்ணீரில் விட்டேன். கரையேறித் திரும்பிப் பார்த்தால், மணலில் விளிம்பு மேலே தெரிய நின்றது. குளிக்க வருகிறவர்கள் காலைக் கிழித்துவிடுமே என்று தோன்றியது. மறுபடி இறங்கி, கையால் மணலைப் பறித்து, அதைப் படுக்க வைத்து மூடினேன்.