அறுபது ஹெச்பியும் ஓர் அரையும்

தண்ணீர் கீழே இறங்க யார் தயவும் வேண்டாம். மேலே ஏற வேண்டுமென்றால்தான் யாராவது ஒருவன் மோட்டார் விற்றாக வேண்டும்.

அந்த ஒருவனாகத் தொண்ணூறுகளின் நடுவில் நான் புனே வந்து சேர்ந்தேன். கோயமுத்தூர் பம்ப் கம்பெனி, கையில் பி.எஸ்சி. இயற்பியல், தோளில் கேட்லாக் பை. ஆறு மாதத்தில் அறுபது ஹெச்பி விற்றால் உத்தியோகம் நிரந்தரம். கவனியுங்கள், அறுபது மோட்டார் இல்லை, அறுபது ஹெச்பி. பத்து ஹெச்பி மோட்டார் ஆறு விற்றாலும் சரி, அரை ஹெச்பி நூற்றிருபது விற்றாலும் சரி. தவறினால் ஊருக்குத் திரும்பி மாமாவின் மில்லில் நூல் சுற்றிய கோன்களை எண்ண வேண்டும். மனைவியோ இரண்டு மாதக் கர்ப்பம். எனக்குப் பயம் இருந்தது, நிறையவே இருந்தது. டார்கெட் என்ற சொல்லைக் கேட்டாலே காலண்டரைத் திருப்பிப் பார்க்கும் சக ஜீவன்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என்னிடம் ஒரே ஒரு வியாதிதான். கணக்குப் போட்டு உண்மையைச் சொல்லிவிடுவேன்.

ஒன்றரை போதும் என்றவன்

கோத்ரூட்டில் நாலு மாடி ஹவுசிங் சொசைட்டி. செயலாளர் ஓய்வுபெற்ற அதிகாரி. மராத்தியில் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு இந்திக்கு இறங்கி வந்தார். பக்கத்துச் சொசைட்டியில் மூன்று ஹெச்பி இருப்பதால் இவர்களுக்கு ஐந்து வேண்டுமாம். வாயை மூடிக்கொண்டு ஐந்தை எழுதியிருக்கலாம். நான் பென்சிலை எடுத்தேன். பத்தாயிரம் லிட்டர், இருபது மீட்டர் உயரம், மொத்தம் இருபது லட்சம் ஜூல் வேலை. இது தண்ணீருக்கும் உயரத்துக்கும் உள்ள விவகாரம், மோட்டாரின் அளவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எத்தனை நேரத்தில் முடிய வேண்டும் என்பதுதான் ஹெச்பி. ஒரு மணி நேரம் ஆகலாம் என்றால், சேதாரமெல்லாம் சேர்த்து ஒன்றரை ஹெச்பி தாராளம். கமிட்டி மொத்தமும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. ஐந்து ஹெச்பியை வேறு கம்பெனியில் வாங்கிக்கொண்டார்கள்.

அந்த ஐந்து, கீழ்த்தொட்டியை இருபது நிமிஷத்துக்குள் உறிஞ்சி முடித்திருக்கிறது. வாட்ச்மேன் பழைய வழக்கப்படி ஒரு மணி நேரம் ஓடவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். வெறும் காற்றை இறைத்து இறைத்து மோட்டார் கருகிவிட்டது. செய்தி தெரிந்ததும் நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றேன், மன்னிப்புக் கேட்பார்கள் என்று. செயலாளர் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "அஞ்சு ஹெச்பிக்கே இந்தக் கதின்னா, நீங்க சொன்ன ஒன்றரை என்ன ஆகியிருக்கும்! நல்லவேளை, உங்க பேச்சைக் கேக்கலை."

பதினெட்டுக் கிலோ

கோர்படியில் ஒரு வாடிக்கையாளருக்கு மோட்டாரை நேரில் பார்த்தால்தான் நம்பிக்கை வருமாம். பிம்ப்ரியில் இருந்த எங்கள் ஆபீசிலிருந்து பதினெட்டுக் கிலோ மோட்டாரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறினேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது இயற்பியல் கணக்கில் வேலையே இல்லை. தொடை மரத்துப்போனதற்குப் பாடப்புத்தகத்தில் அத்தியாயம் கிடையாது. பிறகு நாலு மாடி படியேறினேன். அது வேலை, சந்தேகமில்லை. அந்த மனிதர் மோட்டாரை ஒரு கையால் அரை அடி தூக்கிப் பார்த்துவிட்டு, "கனமே இல்லையே, இதுல எங்க பவர் இருக்கும்?" என்று கீழே வைத்தார். நாலு மாடி தூக்கி வந்தவனிடம் சொல்கிற பேச்சா இது?

திரும்பவும் நாலு மாடி, திரும்பவும் இரண்டு பஸ். ஆபீசில் மேனேஜர் சென்னியப்பன் இருந்தார். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், திட்டும்போதுகூட மரியாதை குறையாது. மோட்டார் காலையில் இருந்த அலமாரியில் அதே தட்டுக்குத் திரும்பியதைப் பார்த்துக்கொண்டே வருகைப் பதிவேட்டைத் திறந்தார். "மோட்டாரு கெளம்புன எடத்துக்கே வந்து ஒக்காந்துக்கிச்சுங்க. அப்ப இன்னைக்கு உங்களுக்கு லீவுன்னு எழுதிக்கலாமுங்களா?"

நாலு இட்லி

பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலை அதிகாரி, சென்னைக்காரர். சொந்த வீடு கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு எப்படியாவது இரண்டு ஹெச்பியைத் தள்ளிவிட வேண்டும். பெரிய மோட்டார் கரன்ட்டைத் தின்னுமே என்று அவர் தயங்கினார். விடுவேனா? "சார், அதே தண்ணி, அதே உயரம்னா செலவாகிற சக்தியும் ஏறக்குறைய அதேதான். நாலு இட்லியை அஞ்சு நிமிஷத்துல சாப்பிட்டாலும் நாலு, அரை மணி நேரம் சாப்பிட்டாலும் நாலு" என்றேன். இதைவிடத் தெளிவாக எந்தப் பேராசிரியரும் சொல்லியிருக்க முடியாது என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அவருக்கும் பளிச்சென்று புரிந்துவிட்டது. அதுதான் வினை. "இட்லி நாலுதான்னா எதுக்கு சார் அவசர அவசரமா முழுங்கணும்? சின்னதே குடுங்க, மெதுவா ஏறட்டும்."

ஏரவாடாவில் ஒரு யூனிட்

ஆறாவது மாதக் கடைசி வாரம். அங்கங்கே சில்லறையாக விற்றதெல்லாம் சேர்த்து ஐம்பத்தொன்பதில் நிற்கிறேன். ஏரவாடாவில் மூன்று அடுக்குக் கட்டடம் ஒன்று, அறைக்கு ஒரு குடும்பமாகப் பன்னிரண்டு குடும்பங்கள். குழாய் கீழே மட்டும்தான். எல்லோரும் சேர்ந்து ஒரு மோட்டார் போடலாம் என்று கிளப்பிவிட்டவர் கஸ்தூரி அக்கா. ஒரு கேன்டீனில் சமையல், பெற்றோர் காலத்திலேயே ஆற்காட்டுப் பக்கமிருந்து புனேவுக்கு வந்த குடும்பம். அடுத்த சந்தில் போட்டிருப்பதுபோல ஒரு ஹெச்பி வேண்டும் என்றார். ஒன்று! ஐம்பத்தொன்பதும் ஒன்றும் அறுபது. பேசாமல் எழுதியிருக்க வேண்டியவன், வழக்கம்போல வித்தையைக் காட்டினேன்.

அவர் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ஹண்டா தூக்குகிறார். குடத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஹண்டாவுக்கு இருபது கிலோ, இரண்டாவது மாடி ஆறு மீட்டர். ஒரு நடைக்கு ஆயிரத்து இருநூறு ஜூல். "அக்கா, நீங்க இருநூத்தைம்பது நாள் சுமக்கிறது கரன்ட் கணக்குல ஒரே ஒரு யூனிட்" என்றேன், கைதட்டு விழும் என்கிற நினைப்பில். அக்கா குனிந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. பிறகு கேட்டார்: "ஹண்டாவ மட்டும் கணக்குல வெச்சியே தம்பி, ஹண்டா தானா படியேறிச்சா? கூட நானுந்தான ஏறினேன்?"

வாஸ்தவம். அவரையும் சேர்த்தால் ஒரு நடைக்கு நான் சொன்னதைப்போல மூன்றரை மடங்கு. "அப்போ என்னியும் சேத்துப் போடு. ஒரு ஹெச்பி பராபர், கரெக்டா வரும்" என்றார். வாடிக்கையாளரே வலிய வந்து காரணம் எடுத்துக் கொடுக்கிறார், தலையாட்டினால் உத்தியோகம். வீட்டில் மனைவி இருக்கிற நிலைமை கண்ணில் வந்து போனது. ஆனால் பாழாய்ப்போன வாய் திறந்துகொண்டது. "மோட்டார் படியேறாதுக்கா. அது கீழயே இருக்கும். தண்ணி மட்டும்தான் மேல போகும். உங்களுக்கு அரையே போதும்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கீழயே குந்திக்கினு, தண்ணிய மட்டும் மேல அனுப்புதா? அப்போ அது மிஷின் இல்ல தம்பி, எங்க வூட்டுக்காரரு."

கடைசி நாள்

ஐம்பத்தொன்பதரை. ஆறு மாதம் முடிகிற நாளன்று மத்தியானம் மூன்று மணிக்கு சென்னியப்பன் கூட்டிப் பார்த்தார், மறுபடி கூட்டிப் பார்த்தார். அரை ஹெச்பி குறைவு குறைவுதானாம்; ஆறு மணிக்குள் கோயமுத்தூருக்கு ஃபேக்ஸ் போக வேண்டும். அடுத்த மாதம் மருத்துவமனைக்கு யார் கூட வருவார்கள், எந்த ஊர் மருத்துவமனை என்று யோசித்துக்கொண்டே ஜன்னலோரம் நின்றேன். பிறகு நேராகப் போய் ஓர் ஆர்டர் புத்தகத்தை எடுத்து, வாங்குபவர் என்ற இடத்தில் என் பெயரையே எழுதினேன். அரை ஹெச்பி, ஒன்று.

சென்னியப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். தண்ணீர் ஏற வேண்டிய உயரம் எத்தனை மீட்டர் என்ற கட்டம் காலியாக இருந்தது. விரலால் தட்டிக் காட்டினார். நான் இருப்பது தரைத்தளம், குழாயில் தண்ணீர் தானாக வரும். பொய் எழுத அப்போதும் மனசு வரவில்லை. பூஜ்யம் என்று போட்டேன். அவர் அதன் கீழேயே கையெழுத்துப் போட்டார், எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தண்ணியே ஏற வேண்டாத ஊட்டுக்கு மோட்டாரு வித்துப்போட்டீங்க. ஆறு மாசத்துல இன்னைக்குத்தானுங்க நீங்க சேல்ஸ்மேன் ஆயிருக்கீங்க."

கட்டிலுக்கு அடியில் இன்னும் பெட்டி பிரிக்காமல் கிடக்கும் அந்த மோட்டார் இதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் ஏற்றியதில்லை என்றாலும், நான் விற்றதிலேயே வாடிக்கையாளரிடமிருந்து ஒரு புகாரும் வராத மோட்டார் அது ஒன்றுதான்.