செய்தது தெரியாத முகம்

முகம் திருத்துகிற தொழிலைப் போல நன்றி கெட்ட தொழில் வேறு இல்லை: நன்றாகச் செய்தால் செய்ததே தெரியாது, பிழை விட்டால் ஊர் முழுக்கத் தெரியும்.

நான் டொக்டர் இல்லை. திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகிற வீதியில் இருந்த ஒரு சின்னத் தனியார் மருத்துவமனைக்கு இரவுக் காவலாளியாகப் போனவன். நர்ஸ்மார் ஒவ்வொருவராகக் கல்யாணம் கட்டிக் கனடாவுக்குப் போகப் போக, கத்தரிக்கோல் அவிக்கவும் கட்டுப் போடவும் நானே பழகிக்கொண்டேன். பகலில் எனக்கு நித்திரை வராது. இரவில் வந்தாலும் வேலை விடாது. அதனால் அலுமாரியில் கிடந்த பழைய மருத்துவப் புத்தகங்களை அகராதியும் கையுமாக வாசித்தேன். முகத்தில் எத்தனையோ தசைகள் இருப்பதாக எழுதியிருந்தது. அதில் சிரிக்கிறதற்கு உள்ளவை எங்கள் ஊரில் பாவிக்காமல் துருப்பிடித்துக் கிடந்தன.

கண்ணாடிக்கு முன்னால் நின்று, இரண்டு கன்னத்தையும் விரலால் மேலே இழுத்துப் பார்த்து, பெருமூச்சு விட்டு, திரும்பக் கீழே விட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் எங்கள் ஆள்தான். கதிரையை இழுத்துப் போட்டு இருங்கள்.

ஐஸ் பெட்டி

கொழும்பில் இருந்து ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் எங்களிடம் ஒரு டொக்டர் வருவார். பிளந்த உதடு, எரிகாயம், தழும்பு எல்லாம் பார்ப்பார். சமாதானம் என்று பெயர் வைத்த அந்தக் கொஞ்சக் காலத்தில், நெற்றிச் சுருக்கத்துக்கு ஊசி போடவும் ஆள் வந்தது. சண்டை நின்றதும் சனத்துக்குச் சுருக்கம் கண்ணில் படத் தொடங்கியிருந்தது. டொக்டருக்கு ஒரே ஒரு கொள்கை: "செய்தது தெரியக்கூடாது." இன்னொரு குணமும் உண்டு, அது அதைவிட ஆபத்தானது: பொய் சொல்ல வராது.

ஒருநாள் டொக்டரை ஏற்றி வரும்போது கப்பல்துறை இராணுவச் சோதனைச் சாவடியில் எங்கள் வான் வண்டியை மறித்தார்கள். ஐஸ் பெட்டிக்குள் சின்னக் குப்பி ஒன்று இருந்தது. காவலுக்கு நின்ற சார்ஜன்ட் கொச்சைத் தமிழில், "இது என்ன?" என்று கேட்டார். "விஷம்," என்றார் எங்கள் உத்தமர். "யாருக்கு?" "வயது போன பொம்பிளையளுக்கு." சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஒரு அடி பின்னால் போனார்கள். பிறகு டொக்டர் தன் நெற்றியையே கரும்பலகையாக வைத்து, துளி விஷத்தில் தசை எப்படி ஓய்வெடுக்கும் என்று வகுப்பு எடுத்தார். ஐஸ் உருகி வானுக்குள் ஓடியது. சார்ஜன்ட் கடைசிவரை கேட்டுவிட்டு, தன் நெற்றியைத் தடவியபடி சொன்னார்: "எனக்கு இந்தச் சுருக்கம் இந்த வேலையில வந்தது. சுருக்கம் இருக்கட்டும் டொக்டர், வேலைய எடுக்க ஊசி இருக்கா?"

அடுத்த சண்டைக்கு முன்னம்

யோகன் இறக்கக்கண்டியில் கடல் தொழில் செய்கிறவன். வள்ளத்து எஞ்சினை இழுத்துத் தொடக்கும்போது கயிறு அறுந்து, பிடிக்கட்டை இடது தாடையைக் கிழித்துவிட்டது. ஆரோ அவசரத்தில் தைத்த தையல். காதடியில் இருந்து நாடிவரை, மண்புழு ஒன்று படுத்துக் கிடப்பது மாதிரித் தடித்த தழும்பு. சாதாரண ஊரில் இதற்குப் பெயர் தழும்பு. எங்கள் ஊரில் இதற்குப் பெயர் சாட்சியம். எந்தச் சாவடியிலும் அவனை மட்டும் இறக்குவார்கள். "ஷெல் காயமா?" என்பார்கள். "எஞ்சின்," என்பான். "எந்த இயக்கத்து எஞ்சின்?" என்பார்கள்.

ஒருமுறை கொண்டுபோய் மாதக்கணக்கில் வைத்திருந்து பிறகு விட்டிருக்கிறார்கள். இன்னொருமுறை கொண்டுபோனால் திரும்பி வருவான் என்ற நம்பிக்கை அவன் மனைவி தவத்துக்கு இல்லை. ஊரெல்லாம் சமாதானம் வந்துவிட்டது என்று வெடி கொளுத்திக்கொண்டிருந்தபோது, அவள் அவனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து எங்கள் டொக்டருக்கு முன்னால் இருத்தினாள். "இப்பதானே எல்லாம் அமைதியாய்க் கிடக்கு, என்ன அவசரம்?" என்று டொக்டர் கேட்டார்.

"அதுதான் ஐயா அவசரம். அடுத்த சண்டைக்கு முன்னம் இதை எடுத்துப் போடுங்கோ."

லண்டன் மச்சாள்

டொக்டர் பழைய தழும்பை வெட்டி எடுத்து, மயிரிழை நூலால் தைத்து, பிறகு தடிக்காமல் இருக்க மாதா மாதம் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். யோகன் வாங்குப் பலகையில் இருந்து முறைக்குக் காத்திருந்த ஒரு சனிக்கிழமைதான் லண்டன் அம்மா வந்தது. லண்டனில் குடியிருக்கிறவர், தாயின் செத்தவீட்டுக்கு ஊருக்கு வந்தவர். வரும் முன்னம் அங்கே எங்கேயோ நெற்றி, கண்ணோரம், வாயோரம் எல்லாம் ஊசி போட்டு முகத்தை இஸ்திரி பண்ணியிருந்தார். ஈ வந்து இருந்தால் வழுக்கும்.

பிரச்சினை என்னவென்றால், பிரேதத்தைக் கண்டு குழறி அழப் போனவருக்கு முகம் வரவில்லை. புருவம் ஏறவில்லை, வாய் கோணவில்லை. ஆரோ பக்கத்து வீட்டுச் செத்தவீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தாராம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன்னம் அழக்கூடிய மாதிரி ஏதாவது செய்து தர முடியுமா என்று கேட்டார். டொக்டர் கையை விரித்தார். மருந்து தானாகக் குறைய மாதங்கள் எடுக்கும், அதுவரைக்கும் துக்கத்தைத் தள்ளிப் போட வேண்டியதுதான். "என்ர அம்மாவுக்கு அழுதனான், இவை நம்பினமில்லை," என்று லண்டன் அம்மா சொல்லும்போதும் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கூட வந்த தமையன் பெண்சாதி, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த களைப்போடு சொன்னாள்: "கண்ணீர் வந்தது மச்சாள், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் நீங்கள் அழேல்லை."

ஹாஜியாரின் நித்திரை

மூதூரில் இருந்து லோஞ்சுப் படகில் வந்த நெல் வியாபாரி ஹாஜியாருக்குக் கண்ணுக்குக் கீழே இரண்டு பை. அதைப் பார்த்து, மனுசன் நொந்துபோய் இருக்கிறார் என்று நினைத்து, வாங்க வருகிறவர்கள் விலையைக் குறைக்கிறார்களாம். டொக்டர் அதை எடுத்துவிட்டார். அருமையான வேலை. வெட்டின இடம் கண்ணிமை ரோமத்துக்குள்ளேயே மறைந்துவிட்டது.

அதுதான் ஹாஜியாருக்கு ஆத்திரம். கடைத்தெருவில் ஒருவரும் கவனிக்கவில்லை. கடைசியில் வீட்டுக்காரியின் முன்னால் போய், வெளிச்சத்துக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். அவள் உற்றுப் பார்த்துவிட்டு, ராத்திரி நல்லா நித்திரை கொண்டீங்க போல என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். எங்கள் டொக்டர் இதைக் கேட்டு, இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை என்று பூரித்துப் போனார். ஹாஜியார் அவரைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் ஊசிக்குக் காத்திருந்த யோகனைப் பார்த்துச் சொன்னார்: "நித்திர சும்மா கிடைக்கிற சாமான் மகன்! அதுக்கா நான் கத்திக்குத் தலயக் குடுத்த?"

நல்ல வேலை

யோகனின் தாடையில் சிவப்பு ஆறி, மினுக்கம் போய், தோல் தோலாக வருவதற்கும் சமாதானம் முடிவதற்கும் சரியாக இருந்தது. டொக்டர் தன் வேலையை நேரம் தவறாமல் முடித்தார், மற்றவர்களும் தங்கள் வேலையைத் தொடங்கினார்கள். திரும்பச் சாவடி, திரும்பச் சுற்றிவளைப்பு. கடலுக்குப் போகப் படம் ஒட்டின பாஸ் வேண்டும். யோகனின் பாஸில் இருந்தது பழைய படம். மண்புழு அதில் வடிவாகப் படுத்துக் கிடந்தது.

கரைச் சாவடியில் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, பகல் முழுக்க வெயிலில் இருத்திவிட்டு வீட்டுக்குக் கலைத்துவிட்டார்கள். புதுப் பாஸ் எடுக்கப் போனால், படத்தில் இருக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தால் படத்தை மாற்றித் தருகிறோம் என்றார்களாம். டொக்டர் ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். டொக்டர் எழுத்து அல்லவா, மூன்று மொழியிலும் ஒருவராலும் வாசிக்க முடியவில்லை. வள்ளம் கரையில் கிடந்து காய்ந்தது. முன்பு தழும்பு இருந்ததற்குப் பிடித்தார்கள், இனி இல்லாததற்குப் பிடிப்பார்கள் என்பது எங்கள் எல்லாருக்கும் முன்னமே தவத்துக்கு விளங்கிவிட்டது. அடுத்த சனிக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். டொக்டர் யோகனின் தாடையைத் தடவிப் பார்த்து, தன் வாழ்நாளில் இதைப்போல ஒரு வேலை செய்ததில்லை என்று சொல்லிக்கொண்டு நின்றார். அவள் இடைமறித்தாள்.

"வடிவு போதும் ஐயா. அந்தத் தழும்பைத் திருப்பித் தாங்கோ, இவர் கடலுக்குப் போக வேணும்."

காலைத் தழும்பு

டொக்டர் மறுத்துவிட்டார். ஒரு கலைஞனைத் தன் படத்தில் தானே மையைக் கொட்டச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி முகம் கறுத்துப் போனார். தவம் வீட்டுக்குப் போய்த் தன் பாட்டில் தொழிலைத் தொடங்கினாள். புருவம் எழுதுகிற பென்சில், கல்யாணத்துக்கு வாங்கி மிச்சமிருந்த உதட்டுச்சாயம், மேலே கொஞ்சம் வாஸ்லின். பாஸில் இருந்த படத்தைச் சுவரில் சாத்தி வைத்துக்கொண்டு, காலையில் புருசனின் தாடையில் தழும்பு வரைவாள். நான் ஒருநாள் பார்த்தேன். மண்புழு உயிரோடு படுத்திருந்தது. இயற்கையான தோற்றம் என்று டொக்டர் மணிக்கணக்காக விளக்குகிற சங்கதி அதுதான்.

ஊரில் பெண்டுகள் தழும்பை மறைக்கப் பவுடர் போடுகிறார்கள், இவள் ஒருத்திதான் தழும்புக்கு அலங்காரம் செய்தாள். கடலில் தழும்பு அழியாமல் இருக்க, யோகன் பல்வலிக்காரன் மாதிரி முகத்தைத் துவாய்த் துண்டால் கட்டிக்கொள்வான். சில கிழமை இப்படியே போனது. பிறகு ஒருநாள் முகத்துவாரத்துக்குக் கிட்ட ஒரு அலை வள்ளத்துக்கு மேலால் விழுந்தது. துவாயும் போய், தழும்பும் போய், டொக்டர் செய்த அதே அருமையான முகத்தோடு யோகன் கரைக்கு வந்தான். காலையில் அவனை விட்ட அதே ஆள்தான் காவலில் நின்றார். பாஸை வாங்கிப் பார்த்தார். பிறகு துவக்கைத் தோளில் இருந்து இறக்கிக்கொண்டு கேட்டார்: "காலைல போனது வேற ஆள். அந்த ஆள எங்க இறக்கின?"

தாடி

நடுக்கடலில் ஆள் மாற்றினதாகச் சந்தேகப்பட்டு யோகனை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அது எப்படிப்பட்ட சந்தேகம் என்று அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடுத்த நாள் விடிய நான் வேலை முடிந்து மருத்துவமனை வாசல் கேற்றைத் திறக்கும்போது தவம் வெளியே நின்றாள். அழவில்லை. "அண்ணே, டொக்டர் எப்ப வாறார்?" என்று மட்டும் கேட்டாள். டொக்டர் வருகிற சனிக்கிழமைவரை அவள் ஒவ்வொரு காலையும் முகாம் வாசலுக்குப் போய், அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறானா, வேறு எங்காவது ஏற்றிவிட்டார்களா என்று கேட்டுவிட்டு வந்தாள்.

டொக்டரை மருத்துவமனைச் சந்தியில் இறங்கவே விடாமல் நேரே முகாமுக்குக் கூட்டிப் போனோம். அதிகாரி மரியாதையான ஆள், கதிரை போட்டார். நீங்கள் இந்த முகத்தில் வேலை செய்தது உண்மையென்றால் எங்கே செய்தீர்கள் என்று காட்டுங்கள், ஆள் வீட்டுக்குப் போகலாம் என்றார். யோகனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மெலிந்து, கண் உள்ளே போய், தாடி மண்டிப் போய் நின்றான். டொக்டர் கண்ணாடியைப் போட்டார். டோர்ச் அடித்தார். காதடியில் தொடங்கி நாடிவரை தேடினார், திரும்ப நாடியில் தொடங்கிக் காதடிவரை தேடினார். கிடைக்கவில்லை. செய்தது தெரியக்கூடாது என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன மனுசன், செய்தது தெரியவில்லையே என்று வியர்த்து நின்றதை நான் அன்றுதான் கண்டேன். அதிகாரி பேனையை மூடினார்.

அந்த நேரம் தவம், ஆரிடமும் கேட்காமல், புருசனுக்குக் கிட்டப் போய் அவன் முகத்தை யன்னல் பக்கம் திருப்பினாள். "தோலைப் பாக்காதேங்கோ ஐயா, தாடியைப் பாருங்கோ," என்றாள். இடது தாடையில், கறுத்த தாடிக்கு நடுவில், மயிர் முளைக்காத ஒரு மெல்லிய கோடு காதடியில் இருந்து நாடிவரை ஓடியது. தழும்பில் மயிர் முளைக்காது. அடைத்து வைத்துச் சவரம் செய்ய விடாமல் அவர்களே வளர்த்துக் கொடுத்த சாட்சி. அதிகாரி பாஸைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார், விரலால் கோட்டைத் தடவினார், பிறகு சிரித்துவிட்டார். "டொக்டர், நல்ல வேலை. அடுத்த தரம் கொஞ்சம் பிழையா செய்யுங்க."

அங்கேயே தாடியோடு படம் எடுத்துப் புதுப் பாஸ் கொடுத்தார்கள். யோகன் அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தான், அடுத்த நாள் கடலுக்குப் போனான். இப்போது காலையில் தவத்தின் கையில் பென்சில் இல்லை, கத்தரிக்கோல். படத்தில் இருக்கிற அளவுக்குத் தாடி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கடைசியாக யோகனைச் சந்தித்தபோது, வடிவாய்த்தான் இருக்கிறாய் என்று நான் ஆறுதல் சொன்னேன். அவன் தாடியைச் சொறிந்துகொண்டே என்னை முறைத்தான்: "தழும்பெண்டால் ஒரே அளவில கிடந்தது அண்ணே. இந்தச் சனியன் வளருது!"

கண்ணாடிக்குப் பிடித்த முகம் எது என்று டொக்டர்மார் எழுதிய புத்தகங்கள் எல்லாம் வாசித்துப் பார்த்துவிட்டேன், சாவடியில் காவலுக்கு நிற்கிறவருக்குப் பிடித்த முகத்தோடு பின்னேரம் வீடு வந்து சேர்ந்தால் எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர்தான் அழகு.