சித்தி பார்க்காத வால்நட்சத்திரம்

சித்தி கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கு, சீர்வரிசை பார்க்க வந்த பெண்கள் அண்டா, கிரைண்டர், பீரோ எல்லாவற்றையும் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு நீளப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார்கள். உள்ளே ஒரு வெள்ளைக் குழாயும் மடக்கிய மூன்று கால்களும் இருந்தன.

"இது என்னத்துக்கு?"

"வானம் பாக்க" என்றாள் சித்தி.

எங்கள் ஊரே வானம் பார்த்துக் கழுத்து வலித்த ஊர். கரிசல்காட்டில் விதைத்துவிட்டு மேகத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவர்களிடம் போய், வானம் பார்க்கத் தனியாக ஒரு சாமான் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

"அதுல பாத்தா மழை எப்ப வரும்னு தெரியுமாட்டி?"

"அது தெரியாது."

"பெறகு என்னத்துக்கு?"

சித்தியும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்து, சொந்தச் சம்பளத்தில் அவள் வாங்கிய தொலைநோக்கி அது. அண்டாவைப் பரணில் ஏற்றியபோது ஒன்றும் சொல்லாதவள், அதை மட்டும் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

நான் சொல்ல வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து நடந்தது. நோய்க்குப் பயந்து ஊர் உலகமெல்லாம் கதவைச் சாத்திக் கிடந்த வருஷம். பள்ளிக்கூடமும் மூடிவிட்டார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. ஏழாவது முடித்திருந்தேன். திரும்பத் திறந்தபோது நான் போகவில்லை, இன்றுவரை எட்டாம் வகுப்பு வாசலை மிதித்ததில்லை, அது வேறு கதை. இப்போது கடலைமிட்டாய் பொட்டலம் போடுகிற இடத்தில் வேலை பார்க்கிறேன். பஸ் ஏறிய பிறகு அடுப்பை அணைத்தோமா என்று இறங்கி வீட்டுக்கு ஓடுகிற சுபாவம் எனக்கு. அப்போதும் அப்படித்தான். நோய் வருமோ, அம்மா தீப்பெட்டி ஆபீஸிலிருந்து திரும்பி வருவாளோ, கிணற்று மோட்டாரில் ஷாக் அடிக்குமோ என்று ஒவ்வொரு நாளும் ஒரு பயம் வைத்திருப்பேன். அந்த ஆடி மாதம் எல்லாப் பயத்தையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஒன்று வந்தது. வானத்தில் வால்நட்சத்திரம்.

சித்தி அப்போது ஐந்து மாதம். அதற்கு முந்தின வருஷம் ஒன்று தங்காமல் போயிருந்தது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

சித்தப்பாவுக்கு மணியாச்சியில் ரயில் வேலை, பாதி நாள் ராத்திரி டூட்டி. அதனால் வீட்டில் மூத்த மருமகளான பெரியம்மா வைத்ததுதான் சட்டம். போன மாதம்தான் சூரிய கிரகணத்துக்குச் சித்தியை அறைக்குள் வைத்து, சன்னலில் பருத்திச் சாக்கை அடைத்து, முடிந்த பிறகு குளிக்க வைத்து வெளியே விட்டிருந்தாள். வால்நட்சத்திரத்துக்கும் அதையே செய்தாள். ஆனால் கிரகணம் மூன்று மணி நேரத்தில் விட்டுவிடும். இது சாயங்காலம் வந்து வடமேற்கே வாயு மூலையில் நிற்கும், போகும், மறுநாள் மறுபடி அதே இடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பெரியம்மாவும் சலிக்காமல் தினம் விளக்கு வைக்கிற நேரத்தில் சாக்கை அடைத்தாள். ஏழாம் நாள் அவளுக்கே அலுத்துவிட்டது.

"இது என்னட்டி, வந்த விருந்தாளி போகமாட்டேங்குதானே!"

"இன்னும் நாலஞ்சு நாள்தான் அக்கா. பெறகு மங்கிப் போயிரும். அடுத்து வர ஆயிரக்கணக்குல வருசம் ஆவும்" என்றாள் சித்தி உள்ளே இருந்து. "ஒரே ஒரு படம் எடுத்துக்கிடுதேன்."

"பாக்காம எப்படி எடுப்ப?"

"கண்ணைக் கட்டிக்கிடுதேன்."

பெரியம்மா வெகுநேரம் யோசித்தாள். தனக்குத் தெரிந்த கிரகண விதி ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். கடைசியில், "கண்ணு பாக்கக்கூடாதுன்னுதான் இருக்கு. கை பாக்கக்கூடாதுன்னு இல்ல" என்று தீர்ப்புச் சொன்னாள். என்னைக் காவலுக்கு வைத்தாள். துண்டு நழுவினால் நான் சத்தம் போட வேண்டும்.

முதல் இரண்டு நாள் மேகம். மூன்றாம் நாள் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. வீட்டுக்குப் பின்னால் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததால், மூன்று கால்களையும் கெட்டியான களத்தில் ஊன்றினோம். பெரியம்மா சித்தியின் கண்ணில் சித்தப்பாவின் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். பிறகு, விரலை நீட்டி, "இது எத்தனை?" என்று சோதித்தாள்.

"அக்கா, நான் படம் எடுக்கத்தான் வந்தேன், திருடன் போலீஸ் விளையாட இல்ல."

நான் கண்ணாக இருந்தேன், சித்தி கையாக இருந்தாள். குழாய்க்குப் பின்னால் நின்று நான் சொல்லச் சொல்ல, அவள் திருகுகளைத் தடவித் தடவித் திருப்பினாள். தூரத்துக் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகளுக்கு மேலே, பொட்டு வைத்து இழுத்துவிட்டது போல அது நின்றது. வெறும் கண்ணுக்கு வால் மேலே இருந்தது. குழாய்க்குள் பார்த்தேன். வால் கீழே தொங்கியது. நேராக எங்கள் வீட்டைப் பார்த்து.

"சித்தி! வால் நம்ம வீட்டுப் பக்கம் திரும்பிட்டு!"

பெரியம்மா "முருகா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சித்திக்குச் சிரிப்பில் துண்டே அவிழ்ந்துவிடும் போல இருந்தது. "குழாய்க்குள்ள எல்லாமே தலைகீழாத்தான்ட்டி தெரியும். பெரியம்மாவைப் பாத்தா அவியளும் தலைகீழாத்தான் நிப்பாவ."

நிலாவை எத்தனையோ ராத்திரி பார்த்துப் பழகிய கை அது. "இடது பக்கமா நழுவுது" என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள், ஒரு முடி அளவு திருப்பி நடுவில் கொண்டுவந்து நிறுத்துவாள். கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோர்க்கிறவளைப் பார்த்ததுபோல வாய் பிளந்து நின்றேன். நல்லது கெட்டது தெரியாத வயதுதான். ஆனாலும் இப்படி ஒரு கை எனக்கு வாய்க்காது என்று மட்டும் தெரிந்தது.

குழாயின் கண்ணில் செல்போனைப் பொருத்த, ஒரு பிளாஸ்டிக் டப்பா மூடியை வெட்டி அவளே ஒரு மாட்டி செய்திருந்தாள். திரையைத் தொட்டால் மூன்று எண்ணிவிட்டு, நாலு நொடி கண் திறந்து அதுவே எடுக்கும். ஆனால் ஆடிக்காற்று விடுமா? முதல் படத்தில் வால்நட்சத்திரம் மண்புழு மாதிரி நெளிந்தது. இரண்டாவதில் இரண்டு வால்நட்சத்திரம். பெரியம்மா அம்மிக்குழவியைச் சேலைத் துணியில் கட்டி மூன்று காலுக்கு நடுவில் தொங்கவிட்டாள். சாக்கை விரித்துப் பிடித்து மறைத்தாள். அப்படியும் ஆடியது.

பத்துப் படமாவது வீணான பிறகு பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சித்தி மேல் இல்லை, காற்றின் மேல். "நாப்பது வருசமா உளுந்து தூத்துதேன், எனக்குத் தெரியாத காத்தா? மூணு வீச்சு வீசுனா ஒரு மூச்சு விடும். நான் சொல்லும்போது தொடு."

மூவரும் அசையாமல் நின்றோம். காற்று ஒருமுறை வந்து சாக்கை அடித்துவிட்டுப் போனது. இன்னொரு முறை. மூன்றாவது வீச்சு பலமாக வந்தது. அது ஓயுமுன்னே பெரியம்மா, "ம், இப்ப" என்றாள். நான் தொட்டேன். காற்று நின்றது. பெரியம்மாவின் வளையல்கூடச் சத்தம் போடவில்லை.

திரையில் வந்தது. கறுப்பில் ஒரு வெள்ளைத் தலை, அதிலிருந்து அகன்று அகன்று மங்கிப்போகிற வால், பக்கத்தில் துளித்துளியாக நட்சத்திரங்கள்.

"எப்படி இருக்கு?" என்றாள் சித்தி. எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "ஆடலை சித்தி" என்றேன். அதற்கே அவள் துள்ளினாள். பெரியம்மா "குதிக்காதட்டி, வயித்துப்பிள்ளக்காரி" என்று அதட்டிக்கொண்டே தானும் திரையை எட்டிப் பார்த்தாள்; பார்த்தவள் நகரவில்லை. "சீலைத் தலைப்பு பறக்குத மாதிரில்லா இருக்கு" என்றாள். அந்தப் படத்தைச் சித்தி, பெரியம்மா சட்டப்படி, பிரசவத்துக்குப் பிறகுதான் பார்த்தாள். அதில் பிறந்தவன் இப்போது அதே குழாயின் திருகைத் திருகி அடி வாங்குகிறான்.

அன்றைக்கு அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்து பெரியம்மா உள்ளே ஓடினாள். களத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம்.

"பெரியம்மா போயிட்டாவளா?"

"போயிட்டாவ."

சித்தியின் விரல் மெல்லத் துண்டின் ஓரத்துக்குள் போனது. நான் பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதுவரை யாரிடமும் சொல்லாததை எல்லாம் அழுதுகொண்டே கொட்டினேன். "போன வருசம் நான்தான சித்தி உங்களுக்குப் பப்பாளி தந்தேன்? திங்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியாது. என்னாலதான போச்சு? இதும் போயிரும் சித்தி, பாக்காதீங்க, பாக்காதீங்க."

சித்தி காற்றில் தடவி என் முகத்தைக் கண்டுபிடித்துத் துடைத்தாள். "அதுக்கும் பப்பாளிக்கும் சம்பந்தமே இல்லட்டி. ஒரு வருசமாவா இதை வச்சிக்கிட்டு அலையுத?" என்றாள். நான் நம்பவில்லை. அழுகிற பிள்ளைக்குப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

கட்டிய கண்ணோடு வாயு மூலைப் பக்கம் முகத்தைத் திருப்பி, அவள் சற்று நேரம் நின்றாள். பிறகு என் பக்கம் குனிந்தாள்.

"முடிச்சு இளகியிருக்கு. அவுத்து, நல்லா இறுக்கிக் கட்டு."

இரட்டை முடிச்சாகப் போட்டேன். கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வால்நட்சத்திரம் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றது. அவ்வளவு படித்த சித்திக்கும் கடைசியில் பயம் வந்துவிட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்று ராத்திரி வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.