பிரஷர்காரி சிஸ்டர்

எங்கள் தெருவில் டாக்டருக்குப் பஞ்சமே கிடையாது. தறியில் உட்கார்ந்த அத்தனை பேரும் டாக்டர்தான். அதனால், நிஜமாகவே படித்துவிட்டு வந்த நர்ஸ் அபிதகுசாம்பாளை எவனும் மதிக்கவில்லை. 1974-லிருந்து தேவிகாபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவார், கையில் பிரஷர் பார்க்கும் பெட்டியோடு. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீடு ஒன்றையும் விடமாட்டார். மோர் கொடுத்தவர்கள் உண்டு, பிரஷர் பார்க்கக் கையை நீட்டியவர்கள் குறைவு. 'பிரஷர்காரி' என்று பேர் வைத்தோம். வைத்தவன் நான்தான். அந்தப் பெருமையை வேறு யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

1983-ல் என் மனைவி தெய்வநாயகிக்கு எட்டாம் மாதம். கால் வீங்கியது. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்க மிதித்தால் எவருக்கும் வீங்கும், எனக்கே வீங்கும். முகூர்த்தப் புடவை வேறு பாதியில் கிடந்தது. "தல வலிக்குதுங்க, கண்ணு மங்கலா தெரியுது" என்றாள். ஜரிகையை உற்றுப் பார்த்தால் அப்படித்தான் என்று வைத்தியம் சொன்னேன்.

சிஸ்டர் பிரஷர் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஜல்தியா ஆஸ்பத்திரிக்கு இட்டுனு வாய்யா, லோகநாதா."

"குழியில உக்காந்தா கால் வீங்கத்தான் செய்யும், சிஸ்டர்."

"காலு குழியில தொங்குது, சரி. மூஞ்சியும் வீங்கிகினு இருக்குதே, அத எந்தக் குழியில தொங்கவிட்ட?"

பக்கத்துத் தறிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. புடவை முடியட்டும், பார்க்கலாம் என்று சிஸ்டரை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை தறியிலேயே அவளுக்கு வலிப்பு. பல் கிட்டிக் கண் செருகிவிட்டது. நான் சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் திணித்தேன். எப்பேர்ப்பட்ட டாக்டர்! அடுத்த தெருவிலிருந்து ஓடிவந்த சிஸ்டர்தான் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வண்டி பிடித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

பெரிய டாக்டர் எழுதித்தந்த மருந்தைச் சிஸ்டர் ஊசியில் ஏற்றினார். என்ன மருந்து என்றேன்.

"மெக்னீசியம் சல்பேட். பேதிக்குக் கடையில விக்கறானே, அந்த உப்புதான்."

"வலிப்பு வந்தவளுக்குப் பேதி உப்பா?" என்று கத்தினேன்.

"பிரஷர் ஏறி மூளையத் தாக்குதுய்யா. மறுபடி வலிப்பு வராம இது காக்கும். ஜரிகை எப்படிப் போடறதுன்னு உனக்கு நான் வந்து சொன்னனா? தள்ளி நில்லு."

தள்ளி நின்றேன். வலிப்பு மறுபடி வரவில்லை. சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. கைப்பிடி அளவுதான், ஆனால் நன்றாகக் கத்தியது. தாய்க்கு மட்டும் நினைவு திரும்பவில்லை. மருந்து மிஞ்சினால் மூச்சே நின்றுவிடுமாம். சிஸ்டர், கால் உதறுகிறதா என்று அவள் முழங்காலைத் தட்டிப் பார்ப்பார், மூச்சை எண்ணுவார், மூத்திரத்தை அளப்பார். தேவிகாபுரத்துக்குக் கடைசி பஸ் போனது. அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் தெய்வநாயகி கண் திறந்தாள். சிஸ்டர் குனிந்து, "இந்தாம்மா, இங்க நிக்கறாரே, இவரு யாரு, தெரியுதா?" என்று கேட்டார்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூளை போய்விட்டது, நான்தான் போக்கிவிட்டேன் என்றே முடிவு கட்டினேன்.

"தல வலிக்குதுன்னு சொன்னா காதுல வாங்காத ஆளு" என்றாள்.

"மூளைக்கு ஒண்ணும் ஆவல. ஷோக்கா இருக்குது" என்றார் சிஸ்டர்.

நான் ஓவென்று அழுதேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.