சொல்லிவிட்டுச் செய்தவர்: போர்மேன் சுப்புத்தாய்

சுப்புத்தாய் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குச் சற்று முன்பு, திருத்தங்கலில் தன் வீட்டில், மாரடைப்பால் காலமானார். வயது அறுபத்திரண்டு. ஏழே கால் மணிக்கு அவருடைய மகன் கண்ணன் இதைத் தொலைபேசியில் எனக்கு உறுதி செய்தார். வீட்டுக்கு வந்து பார்த்த மருத்துவரும் அதையே சொன்னார்.

நேரம், இடம், காரணம் மூன்றையும் முதலிலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு. கண்ணன் பேசுவதற்கு முன்பே எனக்கு ஐந்து பேர் போன் செய்துவிட்டார்கள். ஐவரும் கேட்டது ஒரே கேள்வி: "போர்மேன் சுப்புத்தாய் போயிட்டாகளாமே, எந்த பேக்டரி?" பட்டாசு வேலை பார்த்தவர் இறந்தார் என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் வாயில் வருவது அந்தக் கேள்விதான். கண்ணன் பேசிய பிறகு ஐவரையும் திருப்பி அழைத்து, எந்த பேக்டரியும் இல்லை, வீட்டில் தன் படுக்கையில், மகன் பக்கத்தில் இருக்க இறந்தார் என்று சொன்னேன். ஐந்தாவது ஆள் ஓய்வுபெற்ற ஆசிரியர். "அப்ப ஜெயிச்சுட்டாக" என்றார். அவர் சொன்னது சரி. எப்படிச் சரி என்பதை எழுதத்தான் இந்தக் குறிப்பு.

முதல் சந்திப்பு பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னால். விஸ்வநத்தம் பக்கம் ஓர் ஆலையில் வெடி விபத்து. நான் செய்தி சேகரித்துக்கொண்டு, சாலையோரம் நின்ற ஒரு வேனில் இருந்த பெண்களிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர்கள் வேறு ஆலைக்காரர்கள். பாதை அடைத்திருந்ததால் காத்து நின்றார்கள். ஜன்னலோரம் இருந்தவர் என் நோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "செத்தவுக கணக்கை எழுதுறீக அண்ணாச்சி. வேலைக்குப் போய்ட்டு நல்லபடியா வீட்டுக்கு வந்தவுக கணக்கை யாரு எழுதுவா?" பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது: "டீச்சரம்மாவுக்குக் கோவம் வந்துருச்சு, எல்லாரும் கையக் கட்டுங்க!" வேன் சிரித்தது. அப்படிப்பட்ட நாளிலும் சிரித்தது. குரல் கொடுத்தவர் முத்துமாரி. ஜன்னலோரம் இருந்தவர் சுப்புத்தாய். அவர் மடியில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் இருந்தது.

அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பட்டாசு வேலைக்கு வந்தவர். போர்மேன் ஆக வேண்டும் என்று முடிவெடுத்திருந்தார். ஆலையில் யார் எந்த அறையில் இருக்கலாம், எவ்வளவு வெடிமருந்து கலக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்கிறவர் போர்மேன். ஏதாவது நடந்தால் போலீஸ் முதலில் தேடுவதும் அவரைத்தான். அதற்குப் பயிற்சி உண்டு, தேர்வு உண்டு. தேர்வுக்கு முன்னால் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று அவருடைய கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். ஆகவே தனித்தேர்வராகப் பணம் கட்டிவிட்டு, காலை ஆறே முக்கால் வேனில் நாற்பது நிமிடம், மாலை வேனில் நாற்பது நிமிடம் என்று படித்துக்கொண்டிருந்தார்.

நல்ல காரியம் ஒன்றை நினைத்தால் முடியும் வரை வெளியே சொல்லாதே, கண் பட்டுவிடும் என்பது நம் ஊர் வழக்கம். சுப்புத்தாய் அதற்கு நேர் எதிர். எதை முடிவு செய்தாலும் முதலில் வெளியே சொல்லிவிடுவார். அதுவும் வேண்டியவர்களிடம் இல்லை, கேலி செய்கிறவர்களிடம். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "வேண்டியவுக நம்ம மனசு நோகக்கூடாதுன்னு நாலு நாள்ல கேக்கறத விட்டுருவாக. கேலி பண்றவுகதான் மறக்காமக் கேப்பாக" என்றார்.

அப்படி அவர் தேர்ந்தெடுத்த ஆள்தான் முத்துமாரி. வயதில் சுப்புத்தாயைவிடப் பதினாறு குறைவு, வாயில் பதினாறு அதிகம் என்று வேனில் சொல்வார்கள். தினமும் காலையில் வேன் படியில் காலை வைக்கும்போதே, "என்ன மதினி, நேத்து எத்தன கணக்குப் போட்டீக?" என்று கேட்பார். போடவில்லை என்றால் சிவகாசி தாண்டும் வரை கேலி. முதல் தடவை கணக்கில் தோல்வி. இரண்டாம் தடவையும் தோல்வி. முப்பத்தைந்து வாங்க வேண்டிய இடத்தில் இருபத்தொன்பது. அன்றைய வேன் பேச்சைப் பலர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஆறு மார்க்குதானே, எட்டிப் பிடிச்சிரலாம்" என்றாராம் சுப்புத்தாய்.

"நீங்க எட்டிப் பிடிக்கறதுக்குள்ள ஒங்க பேரன் பத்தாவது வந்துருவான் மதினி."

"வரட்டும். ரெண்டு பேரும் ஒண்ணா பரிச்சைக்குப் போறோம். நீ சோறு கட்டிக் குடு."

மூன்றாம் தடவை நாற்பத்து மூன்று மார்க். அன்று வேனுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தது முத்துமாரி.

முதலாளியிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். "நீ போர்மேன் ஆனா நானே மாலை வாங்கிப் போடுறேன்" என்று அவர் சிரித்திருக்கிறார். பயிற்சி முடித்து, தேர்வும் எழுதி, சான்றிதழோடு சுப்புத்தாய் போய் நின்றபோது, பழைய போர்மேன் வேலையை விட்டுப் போயிருந்தார். முதலாளி சொன்ன சொல் தவறாமல் ரோஜா மாலை வாங்கி வந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். மாலையைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் நின்ற சுப்புத்தாய், அதைக் கழற்றி வாசல் கேட்டில் மாட்டினார். மாலைக்குள் சரிகை நூல் இருந்ததாம். உலோகச் சரிகை உரசிப் பொறி வரலாம் என்பதால் மருந்து அறைப் பக்கம் அது போகக் கூடாது. போர்மேனாக அவர் எடுத்த முதல் முடிவு அது.

இரண்டாவதை அங்கேயே அறிவித்தார். மூன்று அறைகள், பதினோரு பெண்கள் அவர் பொறுப்பு. "நான் இந்த வேலையில இருக்கற வரைக்கும் இந்தப் பதினோரு பேருல ஒருத்தி கையில ஒரு கொப்புளம் வரக்கூடாது" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. பட்டாசு ஆலைக்குள் இப்படி வாய்விட்டுச் சொல்கிறவர்கள் கிடையாது. "வாய வச்சுராதீக மதினி" என்று ஒரு பெண் அவசரமாகத் தரையைத் தொட்டுக் கும்பிட்டார். முத்துமாரிதான் காப்பாற்றினார். "அப்ப வீட்டுல சோறு வடிக்கையில கையச் சுட்டுக்கிட்டா அதுவும் ஒங்க கணக்கா?"

"அது ஒன் மாமியா கணக்கு" என்றார் சுப்புத்தாய். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, நீங்களும் வருசம் ஒரு தடவ கேக்கணும்" என்றார். தீபாவளி முடிந்த மறுநாள் கேட்பது என்று வைத்துக்கொண்டோம்.

ஒரு தீபாவளி சீசன் சனிக்கிழமையை நான் இங்கே சொல்லியாக வேண்டும். நான் அப்போது அங்கு இல்லை. முத்துமாரியிடமும் முதலாளியிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவர் சொன்னதும் பொருந்துகிறது. மூன்று மணி. லோடு ஏற்ற லாரி வாசலில் நிற்கிறது. இடையில் மழை வந்து வேலை நின்றதால் கலந்த மருந்து மிச்சம். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். திங்கள் வரை வைத்தால் ஈரம் ஏறித் தானாகவே சூடாகி வெடிக்கும். பல திங்கட்கிழமைக் காலைகள் நம் பக்கத்தில் அப்படித்தான் விடிந்திருக்கின்றன. தீர்க்க ஒரு வழி, அதை அழித்துவிடுவது. இன்னொரு வழி, நான்கு பேருக்கு மட்டும் அனுமதி உள்ள அறையில் எட்டுப் பேரை விடுவது.

"நாலு ஆள சேத்து உள்ள விடு, ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்" என்றார் முதலாளி. பெண்களுக்கும் அதுதான் விருப்பம். செய்த அளவுக்குத்தான் கூலி. சுப்புத்தாய் மருந்தை அழிக்கச் சொன்னார். அவருக்கு எதிராக அன்று நின்றது முதலாளி மட்டுமில்லை, பதினோரு பேரும்தான். முத்துமாரி உட்பட. "எங்க வயித்துல அடிக்கிறீக மதினி" என்று கத்தியதாக அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார்.

சுப்புத்தாய் ஒரு நோட்டை எடுத்து முதலாளியிடம் நீட்டினார். "எட்டுப் பேர உள்ள விடச் சொன்னேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க மொதலாளி. விட்டுர்றேன்."

முதலாளி பேனாவைத் திறந்தார், மூடினார். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "உன்னைய போர்மேன் ஆக்குனது என் தப்பு."

"ஆமா மொதலாளி. ஆனா மாலை போட்டாச்சே."

மருந்து கழிவுக் குழிக்குப் போனது. லாரி பாதி லோடோடு போனது. வேனில் இரண்டு நாள் யாரும் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் முத்துமாரி, "இன்னைக்கு எத்தன கொப்புளம் மதினி?" என்று கேட்டுப் பேச்சைத் திறந்தார்.

ஒன்பது தீபாவளிகள். ஒன்பது தடவையும் கேட்டேன். "பதினோரு பேரும் நல்லா இருக்காக" என்பதுதான் ஒன்பது தடவையும் பதில். அறுபது வயதில் வேலையை விட்ட அன்று மாலை, வேன் புறப்படும் முன் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, "கைய நீட்டுங்க" என்றார்.

"போர்மேனம்மா கைரேகை பாக்க ஆரம்பிச்சுட்டாக!" முத்துமாரியைத் தவிர யார்?

சுப்புத்தாய் சிரிக்காமல் ஒவ்வொரு கையாகத் திருப்பிப் பார்த்தார். அலுமினியப் பவுடர் ஏறி வெள்ளியாய் மின்னிய இருபத்திரண்டு கைகள். முத்துமாரியின் வலது மணிக்கட்டில் மட்டும் ஒரு தழும்பு. "இது?" "பணியாரக் கல்லு, சத்தியமா." "சரி, ஏறுங்க" என்றார். ஏறும்போது அவர் முகத்தை நான் பார்த்தேன். தேர்தலில் வென்றவர்களைப் பல முறை பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். இது அதைவிடப் பெரிது.

இதைச் செய்தியாக எழுதி அனுப்பினேன். "நடக்காத ஒன்றை எப்படிச் செய்தியாகப் போடுவது?" என்றார் பத்திரிகை அலுவலகத்தில் இருந்தவர். வாதாடியதில் உள்பக்கத்தில் நான்கு வரி வந்தது. சுப்புத்தாய் படித்துவிட்டு, "வெடிச்சிருந்தா நாலு பத்தி போட்டிருப்பீகளே அண்ணாச்சி" என்றார். அந்தப் பாக்கிப் பத்திகளைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு ஆறு மாதம்தான் சும்மா இருந்தார். ஒரு நாள் காலை வேன் நிற்கும் இடத்துக்கு வந்து, எல்லோர் காதிலும் விழும்படி, "இனி என் குறி முத்துமாரி. அவ போர்மேன் ஆகணும்" என்றார். "நான் என்ன கெடாயா, குறி வைக்க?" என்று எகிறினார் முத்துமாரி. பத்தாவது எப்போதோ தேறியவர், போர்மேன் தேர்வுக்கு முயன்று பார்த்ததில்லை. அன்றிலிருந்து கேட்கும் வேலை கை மாறியது. தினமும் காலை ஆறே முக்காலுக்கு வேனடிக்கு வந்து நின்று, "எத்தன பக்கம் படிச்ச?" என்று சுப்புத்தாய் கேட்டார். போன மாதம் முத்துமாரி தேர்வு எழுதிவிட்டார்.

புதன்கிழமை இறுதி ஊர்வலத்துக்கு அந்தப் பதினோரு பேரும் வேனிலேயே வந்தார்கள். முதலாளியும் வந்திருந்தார். வாசலில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கு அந்த லோடு எந்த ஊருக்குப் போக வேண்டியதுன்னே எனக்கு இப்ப ஞாபகம் இல்ல. இந்தப் பதினோரு பேர் பேரும் ஞாபகம் இருக்கு."

அழுது முடித்து முகத்தைத் துடைத்த முத்துமாரி, மற்றப் பெண்களைப் பார்த்து, "பாஸாகலைன்னா திரும்ப எழுதுவேன். போர்மேனாகி, மதினி சொன்ன அந்தக் கொப்புள வார்த்தையவே நானும் சொல்லுவேன். எல்லாரும் கேட்டுக்கங்க" என்றார். ஒரு பெண் மூக்கை உறிஞ்சியபடியே, "மொதல்ல பாஸாகு. அப்பறம் சவடால் விடு" என்றார். துக்க வீட்டில் சிரிப்பு எழுந்தது. யாரும் அதை அடக்கவில்லை.

சுப்புத்தாயிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, மறக்காமல் கேட்கும் வேலை. நல்லபடியாக வீடு திரும்பியவர்களைப் பற்றி வருடத்துக்கு ஒருமுறையாவது கேட்பேன், கேட்டதை எழுதுவேன். முத்துமாரியின் தேர்வு முடிவு இன்னும் வரவில்லை. அடுத்த மாதம் இரண்டாம் வாரம் வரும் என்று பயிற்சி மைய அலுவலர் நேற்றுச் சொன்னார். முடிவு எதுவானாலும் மறுநாள் காலை முத்துமாரி வேன் படியில் காலை வைக்கும்போது, உள்ளே பத்துப் பேர் கேட்கக் காத்திருப்பார்கள்.