தொட்டியில் நட்ட எர்த்

ஓட்டுக் கொட்டகையில் ரெண்டே விசைத்தறியோடு நான் தொழில் தொடங்கினபோது சிரிக்காத ஆள் கிடையாது. இன்றைக்கு சங்கரன்கோவிலில் சொந்த ஷெட், சொந்த போர்வெல், வழவழவென்று சிமெண்ட் தரை, அதிராமல் இருக்க ஒவ்வொரு தறிக்கும் காலடியில் ரப்பர், பிள்ளைகளுக்குக் காலேஜ் படிப்பு, எல்லாம் நான் உண்டாக்கினது. என் படிப்பு அஞ்சாம் வகுப்பு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த ஊரில் படித்தவன் சொன்னால்தான் எதுவும் காதில் ஏறுகிறது.

போன பங்குனியில் பருத்தியை விட்டுப் பாலியஸ்டர் நூல் ஓட்ட ஆரம்பித்தேன். காற்றில் பொட்டு ஈரம் இல்லை. தறியைத் தொட்டவர்களுக்கெல்லாம் சுள்ளென்று அடித்தது. நூலைக் குச்சியில் சுற்றித் தருகிற அம்மா கையை உதறிக்கொண்டு வந்து நின்றார்.

“அண்ணாச்சி, கரண்ட் லீக் ஆவுது. நாளைக்கும் அடிச்சுன்னா நாங்க அத்தனை பேரும் வேற ஷெட்டு பாத்துக்கிடுதோம்.”

ஆள் போய்விட்டால் தறி தானாக ஓடுமா? வயர்மேனைக் கூப்பிட்டேன். டெஸ்டரை வைத்தார், எரியவில்லை. மெயினை இறக்கிவிட்டு உடனே தறியைத் தொட்டார். அடித்தது.

“கரண்டே இல்லாம கரண்ட் அடிக்கி, அண்ணாச்சி! பூசாரியக் கூப்பிடுங்க.”

“பூசாரி வந்து வயரிங் பாப்பாரா வே?”

லீவுக்கு வந்திருந்த என் மூத்த மகன், இன்ஜினியர், அப்போதுதான் வாயைத் திறந்தான். “அப்பா, இது லைன்ல வார கரண்ட் இல்ல. நூலும் இரும்பும் உரசுதுல்லா, ஒண்ணுல இருந்து எலக்ட்ரான் இன்னொண்ணுக்குத் தாவிரும். வாங்கின பக்கம் மைனஸ், விட்ட பக்கம் பிளஸ். அதுதான் சார்ஜ். போக வழியில்லாம அங்கனயே நிக்கும். நீங்க தொட்டா உங்க வழியா ஓடும். ஓடினாத்தான் கரண்ட்.”

“நிக்கிறத ஓடவிட என்னலே செய்யணும்?”

“அடியில இருக்க ரப்பர் விடாது. எர்த் வயர் வழியா பூமிக்குப் போயிரணும். எர்த் இருக்குல்லா?”

“இருக்கு” என்றார் வயர்மேன். மகன் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவனுக்குப் பேச்சு முடிந்ததாம்!

இருக்கு என்றால் எங்கே இருக்கு? பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே நான் நடந்தேன். அது சுவரேறி, ஜன்னல் தாண்டி, வாசலில் குரோட்டன்ஸ் செடி வைத்திருந்த பிளாஸ்டிக் தொட்டிக்குள் இறங்கியது.

“என்ன வே இது?”

“எர்த்துன்னா மண்ணுதான அண்ணாச்சி? மண்ணுலதான் வச்சிருக்கேன். உங்க தரைய உடைக்க மனசு வரல. தெனம் தண்ணி வேற ஊத்தச் சொல்லியிருக்கேன்.”

தண்ணி ஊற்றச் சொன்னாராம்! எதற்கு, வயர் துளிர்க்கவா?

அன்றைக்கே முற்றத்தில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கி, பச்சை வயரை அதில் முடுக்கினோம். நனைத்த சாக்குகளை ஷெட்டில் தொங்கவிட்டேன். ஈரக் காற்றில் சார்ஜ் தங்காது என்றது மகன்தான், ஒத்துக்கொள்கிறேன். மறுநாள் அந்த அம்மா ஒற்றை விரலால் தறியைத் தொட்டுப் பார்த்தார். “அடிக்கல” என்று சொல்லிவிட்டு வேலையில் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

பிறகு தறிக்காரர்கள் கூட்டத்தில் என்ன நடந்தது? “இன்ஜினியர் தம்பி கண்டுபிடிச்சாரு” என்று மகனுக்குச் சால்வை போர்த்தினார்கள். முன்வரிசையில் நான் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால், “தியரி நான்தானப்பா சொன்னேன்” என்கிறான்.

சொன்னாய். எலக்ட்ரான் உன்னுடையதாகவே இருக்கட்டும். எர்த் பூமிக்கே போகவில்லை என்று கண்டுபிடித்தது நான். அடுத்த கூட்டத்தில் இதை மைக்கில் சொல்ல வேண்டும், மகனையும் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு.